உன் மாமனார் செய்த கேசரி

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கவரைப் பார்த்ததும் உனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, இந்த நேரத்தில் அப்பா எதற்கு இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறார், மறுபடியும் குட்டையைக் குழப்பப் போகிறாரா என்று நினைப்பாய். நினைப்பதில் தப்பில்லை, நீ என் பிள்ளை. ஆனால் நான் குழப்ப வரவில்லை. நின்றுபோன சம்பந்தப் பேச்சு எப்படி மறுபடி தொடங்கியது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. "உங்கப்பாவே நேர்ல போய்ப் பேசிட்டாரு, எல்லாம் நல்லபடியா ஆயிடுச்சு" என்று உன் அம்மா போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நீயும் மேற்கொண்டு கேட்கவில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தவன் எப்படிக் கேட்பாய்? போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ ஒன்று கேட்பாய், நான் ஒன்று சொல்வேன், சண்டையில் போய் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். ஓசூருக்குத் தபால் ஒழுங்காக வந்து சேருமா என்று தபால்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். ஆட்டோக்காரர் சுற்றிப் போகிறாரா என்று வழியெல்லாம் தெருப்பெயரைப் படித்துக்கொண்டு வருவேன். பள்ளிக்கூடத்தில் நீ முதல் ரேங்க் வாங்கி வந்த அன்றைக்கு, "மார்க்கைச் சரியாக் கூட்டினாங்களாடா" என்று கேட்டவன் நான். உன் முகம் சுருங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. உன் தாத்தாவைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இந்தக் குணம் வந்திருக்கலாம். மில்லில் வேலை பார்த்தவர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். மில்லை மூடிய பிறகும் வருகிற மாசம் திறந்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டே காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து வைப்பார். அந்தச் சட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான், எதையும் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் நம்பக்கூடாது என்று வைராக்கியமாக இருந்துவிட்டேன்.

போதாக்குறைக்கு வேலையும் அப்படி அமைந்தது. நம் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. மருந்து கம்பெனிகளுக்கு மூலிகைச் சாறு எடுத்து அனுப்புகிற இடம் அது. மூட்டை மூட்டையாகக் காய்ந்த இலை வரும். அதைப் பிரித்துப் பார்த்து உள்ளே விடுவதா, வந்த லாரியிலேயே திருப்பி அனுப்புவதா என்று சொல்வது என் வேலை. சந்தேகப்படுவதற்கு மாசச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று உன் அம்மா கிண்டல் செய்வாள், அது உண்மைதான். கீழாநெல்லி என்று எழுதிய மூட்டையில் அதே சாயலில் இருக்கிற வேறு செடி பாதி கிடக்கும். நிலவேம்பு மூட்டையில் இலையைவிடத் தண்டுதான் அதிகம் இருக்கும். நன்றாக இருக்கிற இலையை வெயிலில் போட்டுக் கருக்கி வாசனையே இல்லாமல் கொண்டு வருவார்கள். நான் கண்ணால் பார்த்து, முகர்ந்து, கசக்கி, சிலதை வாயில் போட்டு மென்று பார்ப்பேன். அதற்கு மேல் லேப்பில் இருக்கிற பிள்ளைகள் சாறெடுத்து ஒரு தகட்டின் கீழோரத்தில் பொட்டு வைத்து, தகட்டை ஒரு திரவத்தில் நிறுத்துவார்கள். திரவம் மேலே ஏறும்போது இலைக்குள் இருக்கிற சரக்கெல்லாம் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்து நிற்கும். எந்தப் பட்டை இருக்கிறது, எது இல்லை என்பதில் மூட்டையின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒன்று மட்டும் புரிந்திருக்கிறது. செடி தன் இலைக்குள் கசப்பையும் காரத்தையும் காய்ச்சி வைப்பது நம் காய்ச்சலுக்காகவும் காமாலைக்காகவும் இல்லை. பெரும்பாலும் தன்னைப் புழுவும் ஆடும் தின்றுவிடாமல் இருக்கத்தான். செடியும் என்னைப் போலத்தான், கிட்டே வருகிறவனை நம்பாது. அது தற்காப்புக்கு வைத்திருப்பதை நாம் எடுத்து அளவோடு தின்றால் சில சமயம் மருந்தாகிறது. அளவு தெரியாமலும் ஆள் தெரியாமலும் தின்றால் அது தன் வேலையைக் காட்டும். "இலைதானே, என்ன பண்ணிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அதனால்தான் கோபம் வரும். ஒன்றும் பண்ணாது என்றால் அது மருந்தும் இல்லை. மருந்து என்றால் ஏதோ பண்ணத்தான் செய்யும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்பேன். இதை நம் வீட்டில் எத்தனை தரம் பிரசங்கம் செய்திருப்பேன், நீயே கேட்டிருக்கிறாய். கேட்டுக் கேட்டு நம் வீட்டில் எல்லோரும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். எதையும் என்னிடம் சொல்லக்கூடாது என்பதை.

இப்போது பெண் பார்க்கக் குருசுக்குப்பம் போன அன்றைக்கு வருகிறேன். சுகன்யாவை நீயே பார்த்துச் சொன்னாய். கூட வேலை பார்க்கிற பெண், அப்பா கல்யாணச் சமையல் மாஸ்டர் என்றாய். நான் வழக்கம்போல நாலு பேரிடம் விசாரித்தேன். ஒருத்தரும் ஒரு குறை சொல்லவில்லை. யாரைப் பற்றியும் ஒருத்தரும் குறை சொல்லாமல் இருப்பார்களா என்று அதுவே எனக்கு உறுத்தியது. சரி, போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம். கிளம்பும்போது உன் அம்மா ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். கொஞ்சம் கசந்தது. கேட்டதற்கு வெந்தயம் கூடிப்போச்சு என்றாள். தினமும் வெந்தய மோர் குடிக்கிறவன்தானே, குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ஊரையே சந்தேகப்படுகிறவன் அந்த டம்ளரைச் சந்தேகப்படவில்லை.

அங்கே நடந்ததை நீயும் பார்த்தாய். மாஸ்டர் தன் கையாலேயே கேசரி கிண்டி, நெய் மினுமினுக்க எனக்குத்தான் முதல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு சுகர் இருப்பது அவருக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டு முதல் இனிப்பு, ஒரு வாய் தின்றால் என்ன என்று வாயில் போட்டேன். ஒன்றுமே இல்லை. நெய் தெரிந்தது, முந்திரி தெரிந்தது, ஏலக்காய் தெரிந்தது. இனிப்பு மட்டும் துளியும் இல்லை. ஈர ரவையை மென்ற மாதிரி இருந்தது. மாஸ்டர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படிங்க இருக்கு என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "சக்கரை போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நீ அதே கேசரியை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் தாய்மாமன், நல்லாத்தானே மாமா இருக்கு என்றான். மாஸ்டர் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் நாம் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை.

திரும்பி வருகிற வழியில் என் மூளை என்ன வேலை செய்தது என்று உனக்குத் தெரியும். எல்லோருக்கும் இனித்தது எனக்கு மட்டும் இனிக்கவில்லை என்றால் என் தட்டு வேறு. எனக்குத் தனியாகச் சர்க்கரை இல்லாமல் செய்திருக்கிறார்கள் என்றால் எனக்கு சுகர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் நம்மை உளவு பார்த்திருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் அந்த வீட்டில் சர்க்கரை இல்லாமல் சமைத்துப் பழக்கம், அந்தப் பெண்ணுக்கே ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள். மூலக்குளத்தில் நம் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு வாய் கேசரியில் இத்தனை மாடி கட்டிவிட்டேன். நீ அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "உங்களுக்கு இலை மேலதான் சந்தேகம்னு நெனச்சேம்ப்பா. மனுசங்க மேலயும் அதேதான்" என்றாய். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓசூருக்குப் போய்விட்டாய். அதோடு விட்டேனா? பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை செய்து காட்டச் சொல்லி உன் தாய்மாமனிடம் சொல்லி அனுப்பினேன். மாஸ்டர் அவனிடம், "பொண்ணைக் கேட்டாரு, சரி, பெத்தவங்க பயம்னு விட்டுடலாம். என் கையில இனிப்பு இல்லன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாரே. அந்த வீட்டுல என் பொண்ணு என்ன ஆக்கிப் போட்டாலும் இப்படித்தான சொல்லுவாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேச்சு நின்றது. நல்லவேளை, தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். உன் அம்மா மட்டும் சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாத்திரை போட்டேன், மோர் குடித்தேன், டிபனுக்குக் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது. தட்டு முன்னால் உட்கார்ந்தபோது சட்டை நனைகிற மாதிரி வேர்த்தது. கை நடுங்கியது. எதிரில் உன் அம்மா இரண்டு பேராகத் தெரிந்தாள். அவள் பதறிப்போய் ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து வாயில் வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். வெறும் தண்ணீர். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சாகப்போகிற நேரத்தில்கூட வெறும் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறாள் என்று டம்ளரைத் தட்டிவிட்டேன். யோசித்துப் பார், தம்பி. உயிர் போகிற நேரத்திலும் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது.  உன் அம்மா டப்பாவிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளி என் வாயைத் திறந்து அப்படியே கொட்டினாள்.

மணல். பல்லில் நறநறவென்று கடிபட்டது, கரைந்தது, ஆனால் மணல். அந்த ருசியை நான் ஏற்கெனவே அறிவேன். சிறுகுறிஞ்சான் மூட்டை வந்தால் அசலா என்று பார்க்க ஓர் இலையை மென்றுவிட்டு நுனி விரலில் சர்க்கரையைத் தொட்டு நாக்கில் வைப்போம். இலை அசல் என்றால் சர்க்கரை மணலாகிவிடும். அந்த இலையில் இருக்கிற சரக்கு நாக்கில் இனிப்பு உட்கார வேண்டிய இடத்தில் போய்த் தான் உட்கார்ந்துகொள்ளும். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பு மட்டும் வாசலில் நின்று திரும்பிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் அதுவே எழுந்து போய்விடும். சர்க்கரைக்கொல்லி என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. எனக்கு சுகர் வந்ததிலிருந்து அந்தச் சோதனையை மட்டும் லேப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன், அதனால் நாக்கு மறந்திருந்தது. காப்பியில்கூடச் சர்க்கரை போடாத வீட்டில் நாக்கில் இனிப்பு செத்துப்போனது யாருக்குத் தெரியப்போகிறது? வாயில் இருந்ததையெல்லாம் விழுங்கினேன். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் வயிற்றுக்குச் சர்க்கரை சர்க்கரைதான். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. "மோர்ல என்ன போட்ட?" என்று கேட்டேன்.

"இலைப்பொடிதாங்க. இலை என்ன பண்ணிடும்னு போட்டேன்" என்றாள் உன் அம்மா.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டு சொல்தாவின் வீட்டம்மா வாங்கிக் கொடுத்ததாம். பிரெஞ்சுப் பென்சன் வாங்குகிற வீட்டிலேயே அதைத்தான் சாப்பிடுகிறார்களாம், அப்புறம் என்ன பயம் என்று நினைத்தாளாம். குருசுக்குப்பம் போன அன்றைக்குத்தான் முதல் தரம் கலந்திருக்கிறாள். எதற்குத் தெரியுமா? பெண் வீட்டில் இனிப்பு வைப்பார்கள், நான் வேண்டாம் என்று கையை மறித்தால் அவர்கள் மனசு கஷ்டப்படும், தின்றால் எனக்கு சுகர் ஏறும். பொடியைக் கொடுத்துவிட்டால் கவலையில்லாமல் தின்பேனே என்று. நான் அந்தக் கேசரியைத் தின்ன வேண்டும் என்பதற்காகக் கலந்ததுதான் கேசரியைக் கொன்றது. நாக்குக்கு அது செய்கிற வேலை அவளுக்குத் தெரியாது. அடுத்த பரிசோதனையில் அளவு குறைந்து வந்ததும் சந்தோஷப்பட்டுத் தினமும் கலக்க ஆரம்பித்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா குடிச்சிருப்பீங்களா? ஆயிரம் கேள்வி கேப்பீங்க. உங்களுக்கு நல்லது செய்யணும்னாலும் திருட்டுத்தனமாத்தான் செய்ய வேண்டியிருக்கு" என்றாள்.  எனக்கு அழுகை வந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். மாத்திரையும் இறக்குகிறது, பொடியும் இறக்குகிறது, இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் இழுத்தால் ஆள் என்ன ஆவது என்றார். பொடிப் பாக்கெட்டைக் காட்டினேன். எந்த இலை, எவ்வளவு, யார் அரைத்தது, ஒன்றும் அதில் இல்லை. சிரிக்கிற ஒரு சாமியார் படம் மட்டும் இருந்தது. அவரை நான் நம்பவில்லை. அதை நிறுத்தியாகிவிட்டது, நான் நன்றாக இருக்கிறேன். பயந்துகொண்டு லீவு போட்டுவிட்டு வராதே.

அன்றைக்குப் படுக்கையில் கிடந்தபோதுதான் கேசரி நினைவுக்கு வந்தது. சர்க்கரை போட்ட கேசரி. குறை என் வாயில் இருந்தது, நான் அவர் கையில் தேடியிருக்கிறேன். மறுநாளே சூப்பர்வைசரிடம் கேட்டு, வருகிற மூட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் கம்பெனி காம்பவுண்டு ஓரம் வளர்த்திருக்கிற சிறுகுறிஞ்சான் கொடியில் சில இலைகளைக் கிள்ளிக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். மாஸ்டர் ஏதோ கல்யாண வேலை முடித்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானாக ஆரம்பித்தேன். மோர், பொடி, மயக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, நல்லாக் கதை சொல்றீங்க என்றார். நம்பவில்லை. சொல்லுகிற உண்மையை ஒருத்தர் நம்பாமல் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பார்வையை உன் அம்மாவும் நீயும் எத்தனை வருஷம் தாங்கியிருக்கிறீர்கள்.

இலையை நீட்டினேன். மென்று பாருங்கள், அப்புறம் என்னைத் திட்டுங்கள் என்றேன். அவர் வாங்காமல், என்ன இலை, எதற்கு, எனக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேள்வி கேட்டார். எல்லாம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அவர் எதிரிலேயே முதலில் நான் ஒன்றை மென்றேன். பிறகுதான் அவரும் மென்றார். கசப்பில் முகம் கோணியது. உள்ளேயிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். சுகன்யாவின் அம்மா கொண்டுவந்தார்கள். மாஸ்டர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டார். நிமிர்ந்து டப்பாவைப் பார்த்தார். இன்னொரு சிட்டிகை போட்டார். வெல்லம் கேட்டார், கடித்துத் துப்பினார். தேன் கேட்டு நக்கிப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நாக்கை வைத்துப் பிழைக்கிற மனுஷர்.

"போயிடுச்சுங்க. ஒண்ணுமே தெரியல. திரும்ப வருமா?"

வரும் என்றேன். கொஞ்ச நேரம் ஆகும், வந்துவிடும் என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, என்னை விடவில்லை, வரும்வரை இங்கேயே இருங்க என்றார். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கடல் காற்று முகத்தில் அடித்தது, யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் அவ்வப்போது ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். எனக்கே பயமாக இருந்தது, வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. என் அறிவின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெயில் இறங்குகிற நேரத்தில் ஒரு சிட்டிகை போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். லேசாத் தெரியுது என்றார். இன்னொன்று போட்டார். வந்துடுச்சு என்றார். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு நான் தட்டோட நின்னுக்கினு இருந்தப்ப உங்க வாயி இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அதெல்லாம் வேணாம், கல்யாணத்துல நானேதான் கேசரி கிண்டுவேன், முதல் பந்தியில் உட்கார்ந்து ஒரு கரண்டி தின்றுவிட்டு எப்படி இருக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லணும் என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஒரு கரண்டிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

உனக்கு நான் என்ன சொல்லப்போகிறேன்? சந்தேகப்படாதே என்று சொல்லமாட்டேன். படத்தைப் போட்டு விற்கிற பொடியைச் சந்தேகப்படு. இலையால் ஒன்றும் ஆகாது என்கிறவனையும், இலையால் எல்லாம் ஆகும் என்கிறவனையும் ஒன்றுபோலச் சந்தேகப்படு. டாக்டர் கேட்டால் தின்றது அத்தனையும் சொல். ஆனால் சுகன்யா உன் மோரில் எதையாவது போட்டால், போட்டேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி இரு. அவள் சொல்வதை நிதானமாகக் கேள். கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடு, பரவாயில்லை. நான் அந்த இடத்தை உன் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் திருட்டுத்தனமாக என்னைக் காப்பாற்ற வேண்டியிருந்திருக்காது.

கல்யாணத்துக்கு முந்தின நாளாவது வந்து சேர். வந்ததும் என்னோடு பேசு. நீ பேசாமல் இருந்த நாட்களில் வீடு எனக்கு வீடாகவே இல்லை. இன்னொன்று. இனி ஒன்றும் கலக்கமாட்டேன் என்று உன் அம்மா சத்தியம் செய்திருக்கிறாள். அவளை நான் முழுசாக நம்புகிறேன். ஆனாலும் கல்யாணத்தன்று காலையில், அந்த ஒரு கரண்டி கேசரி என் வாய்க்குள் போகிறவரைக்கும், அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டேன்.

உன் அப்பா